கட்டுரை ஏற்கப்பட்டது, இப்போது 1,800 டாலர் கேட்கிறார்கள்: கட்டலாமா?

கரிசல்காட்டான்

வணக்கம். கட்டடப் பொறியியலில் பகுதி நேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வேலை ஒரு சுயநிதிக் கல்லூரியில். தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் சிமெண்டுக்குப் பதிலாக எவ்வளவு சேர்க்கலாம், கடலோர உப்புக் காற்றில் அந்தக் கான்கிரீட் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதுதான் தலைப்பு. சோதனைகள் எல்லாம் முடிந்துவிட்டன. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஸ்கோபஸ் என்ற பன்னாட்டுப் பட்டியலில் உள்ள ஆய்விதழ்களில் இரண்டு கட்டுரை வேண்டும் என்கிறது பல்கலைக்கழகம். ஒன்று வந்துவிட்டது. இரண்டாவதை ஏற்றுக்கொண்ட வெளிநாட்டு ஆய்விதழ் 1,800 டாலர் கட்டச் சொல்கிறது. ஏறக்குறைய என் நான்கு மாதச் சம்பளம்.

இதற்கிடையில் ஒரு ‘ஆய்வு ஆலோசனை மையம்’ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே தருகிறேன் (க்யூ2 என்றால் தரவரிசையில் இரண்டாம் கால்பகுதியில் உள்ள இதழ்):

“ஸ்கோபஸ் க்யூ2. கட்டுரை தயார். முதல் ஆசிரியர் 40,000. இரண்டாமவர் 25,000. மூன்றாமவர் 15,000. தொடர்பாசிரியர் இடம் விற்றுவிட்டது. பத்து நாளில் ஏற்புக் கடிதம். பாதி முன்பணம். ஜிபே உண்டு.”

டாலர் கட்டுவதைவிட இது மலிவு என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். நெறியாளர் “உன் விருப்பம்” என்று ஒதுங்கிக்கொண்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நூலகர்_வைகை

தம்பி, வாட்ஸ்அப்காரரை முதலில் தடை செய்யுங்கள். பிறகு ஒரு கேள்வி. அந்த ஆய்விதழ் முழுக்க முழுக்கத் திறந்த அணுக்க இதழா, அதாவது எழுதியவர் கட்டணம் கட்ட எவரும் இலவசமாகப் படிக்கும் இதழா, அல்லது சந்தாவும் திறந்த அணுக்கமும் கலந்த இதழா?

கலப்பு இதழ் என்றால் ஒரு காசும் கட்ட வேண்டாம். ஏற்புக்குப் பிறகு வரும் படிவத்தில் ‘சந்தா வழி வெளியீடு’ என்று ஒரு தேர்வு இருக்கும். திறந்த அணுக்கத்துக்கான பொத்தான் பெரிதாக, வண்ணத்தில், மேலே இருக்கும். இலவச வழி அதற்குக் கீழே சாம்பல் நிற எழுத்தில் இருக்கும். அதைப் பார்க்காமலேயே பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். பேராசிரியர்களும் அதில் உண்டு.

---

கரிசல்காட்டான்

பார்த்துவிட்டேன் ஐயா. முழுத் திறந்த அணுக்க இதழ்தான். வேறு வழி எதுவும் காட்டவில்லை.

---

நூலகர்_வைகை

அப்படியானால் உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல், கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக மின்னஞ்சல் அனுப்புங்கள். உறுதிப்படுத்தி அவர்கள் பதில் எழுதும்வரை வேறெங்கும் அனுப்பாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களின் பரிசீலனையில் இருந்தால் தவறு உங்கள் மேல்தான் வரும்.

அடுத்து, பெங்களூரில் இந்திய அறிவியல் அகாதெமி இருக்கிறது. சர் சி.வி. ராமன் 1934இல் தொடங்கியது. அதன் பொறியியல் ஆய்விதழ் ‘சாதனா’. ஸ்பிரிங்கருடன் சேர்ந்து வெளியிடுகிறார்கள். சந்தா வழியில் எழுத்தாளருக்குச் செலவில்லை, ஸ்கோபஸிலும் இருக்கிறது. மதிப்பாய்வுக்கு நாளாகும், திருத்தச் சொல்வார்கள், திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். அதற்குத் துணிந்துதான் அனுப்ப வேண்டும்.

---

ஓய்வுபெற்ற_வேதியியலான்

நூலகர் சொன்னது சரி. ஆனால் இந்த இளைஞரை 1,800 டாலர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்பதையும் பேச வேண்டும்.

நாங்கள் ஆய்வு செய்த காலத்தில் வெளிநாட்டுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்றால் எழுதியவருக்கே அஞ்சலட்டை போடுவோம். “தங்களுடைய இன்ன கட்டுரையின் பிரதி ஒன்றை அனுப்பினால் நன்றியுடையவனாவேன்” என்று அச்சடித்த அட்டைகள் துறை அலுவலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கும். தலைப்பையும் இதழின் எண்ணையும் மட்டும் கையால் நிரப்ப வேண்டும். பல வாரம் கழித்து ஜெர்மனியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ பழுப்பு உறை வரும். படிப்பதற்குத்தான் தட்டுப்பாடு. எழுதியதற்குப் பணம் கட்டு என்று எங்களிடம் எவரும் கேட்டதில்லை.

அந்தத் தட்டுப்பாட்டைப் போக்கத்தான் 2002இல் புடாபெஸ்ட் அறிக்கை வந்தது. ஆய்வுக் கட்டுரைகளை எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்க முடிய வேண்டும் என்றார்கள். பதிப்பகங்கள் முதலில் எதிர்த்தன. பிறகு, வாசகரிடம் வாங்கியதை எழுத்தாளரிடம் வாங்கினால் போயிற்று என்று கண்டுகொண்டன. ‘நேச்சர்’ இதழில் திறந்த அணுக்கமாக வெளியிட 9,500 யூரோ என்று 2020இல் அறிவித்தார்கள். நம் நாட்டில் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு உதவித்தொகையைச் செலவே இல்லாமல் சேர்த்தாலும் ஒரு கட்டுரைக்குக் காணாது.

எழுதுபவருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. மதிப்பாய்வு செய்பவர் சம்பளமே இல்லாமல் செய்கிறார். நானே எத்தனையோ இரவு செய்திருக்கிறேன். ஆனால் எல்சவியர் பதிப்பகத்தின் இயக்க இலாபம் வருவாயில் நூற்றுக்கு 38 அளவில் இருக்கிறது. ‘நியூரோஇமேஜ்’ இதழின் ஆசிரியர் குழு 2023இல் கூண்டோடு விலகியது நினைவிருக்கும். கட்டுரைக்கு 3,450 டாலர் அதிகம், குறையுங்கள் என்று கேட்டார்கள், பதிப்பகம் மறுத்தது. வெளியே வந்து எம்ஐடி அச்சகத்தில் புதிய இதழே தொடங்கிவிட்டார்கள். நம் ஊரில் ஒரு குழு அப்படி எழுந்து வெளியே வருமா?

தம்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். சாம்பல் எத்தனை சதவீதம் வரை போனீர்கள்?

---

கரிசல்காட்டான்

50 வரை ஐயா. 30 சதவீதம் வரை குளோரைடு ஊடுருவல் நன்றாகக் குறைகிறது. அதற்கு மேல் போனால் தொடக்க நாட்களின் வலிமை விழுந்துவிடுகிறது. 28 நாளில் தேறாதது 90 நாளில் தேறுகிறது. ஆனால் ஒப்பந்தக்காரர் 90 நாள் காத்திருக்கமாட்டார்.

---

ஓய்வுபெற்ற_வேதியியலான்

நல்ல வேலை. கடைசி வாக்கியத்தைக் கட்டுரையிலும் எழுதுங்கள்.

---

தகடூர்_அரசுக்கல்லூரி

ஐயா பதிப்பகங்களைத் திட்டுவது நியாயம்தான். ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்த பிறகு எங்கள் கல்லூரியில் நிலைமையே மாறிவிட்டது. 2024 நவம்பர் 25 அன்று அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 என மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள்.

முன்பு என் மாணவி தனக்கு வேண்டிய கட்டுரைத் தலைப்புகளை நோட்டில் எழுதிவைத்திருப்பாள். சென்னை ஐஐடியில் படிக்கும் பக்கத்து ஊர்ப் பையன் விடுமுறைக்கு வரும்போது பென்டிரைவில் கொண்டுவருவான். அவனுக்குத் தேர்வு என்றால் இவளுடைய ஆய்வு நின்றுவிடும். இப்போது கல்லூரிக் கணக்கில் நுழைந்து அவளே திறக்கிறாள். இதைக் கொள்ளை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

கரிசல்காட்டான்

உங்கள் மாணவிக்குக் கிடைத்தது எங்களுக்குக் கிடைக்கவில்லை தோழர். முதல் கட்டத்தில் மத்திய, மாநில அரசு நிறுவனங்கள் மட்டும்தான். தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பவர்களில் பெரும்பாலோர் இருப்பது சுயநிதிக் கல்லூரிகளில். படிக்கவும் காசு, எழுதவும் காசு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

---

எதிர்வழக்கு

ஆண்டுக்கு 2,000 கோடி. யாருக்குப் போகிறது? நம் பேராசிரியர்கள் எழுதி, நம் பேராசிரியர்களே மதிப்பாய்வு செய்த கட்டுரைகளை நாமே திரும்ப வாங்குகிறோம். அதுவும் எந்த நேரத்தில்? அமெரிக்க வெள்ளை மாளிகை 2022 ஆகஸ்டிலேயே, அரசுப் பணத்தில் நடந்த ஆய்வெல்லாம் வெளியான அன்றே இலவசமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அங்குள்ள தேசிய சுகாதார நிறுவனம் 2025 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்திவிட்டது. ஐரோப்பாவில் அதையே கோரும் ‘பிளான் எஸ்’ திட்டம் 2018இலேயே அறிவிக்கப்பட்டது. அவர்கள் கதவைத் திறக்கும் நேரம் பார்த்து நாம் சாவி வாங்குகிறோம்.

---

நூலகர்_வைகை

பாதி சரி. திறப்பது புதிய கட்டுரைகளைத்தான். 1990களின் வேதியியலும் பொருளியலும் இன்னும் பூட்டுக்குள்தான். ஆய்வாளர் கேட்டு வருவதில் கணிசமான பகுதி பழையது. சந்தா இல்லாமல் நான் எதைக் கொடுப்பேன்?

என் வருத்தம் வேறு. அதே திட்டத்தில் திறந்த அணுக்க வெளியீட்டுக் கட்டணத்துக்கென ஆண்டுக்கு 150 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். படிக்க 2,000, எழுத 150. நம்முடைய கழகங்களும் பல்கலைக்கழகங்களும் நடத்தும் இதழ்களை நிமிர்த்த எவ்வளவு? பிரேசிலில் 1990களின் பிற்பகுதியில் ‘சைலோ’ என்று ஒரு பொதுத் தளத்தை அரசுப் பணத்தில் கட்டினார்கள். படிப்பவருக்குக் கட்டணம் இல்லை. பல லத்தீன் அமெரிக்க நாடுகள் அதில் சேர்ந்தன. அப்படி ஒன்றுக்கு இங்கே ஆளும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது. சென்னையிலிருந்து சுப்பையா அருணாசலம் போன்றவர்கள் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தார்கள்.

2027 டிசம்பருக்குப் பிறகு பதிப்பகங்கள் விலையை உயர்த்தினால் என்ன செய்வோம் என்பதற்கும் பதில் வேண்டும். பழகிய சந்தாவை நிறுத்த எந்த அமைச்சகத்துக்குத் துணிவு வரும்?

---

மொட்டைமாடி

எல்லோரும் மனத்துக்குள் வைத்திருப்பதை நான் சொல்கிறேன். பூட்டிய கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப் தளம் இல்லாவிட்டால் இந்த நாட்டில் பாதிப் பேர் முனைவர் பட்டம் வாங்கியிருக்கமாட்டார்கள்.

---

நெறிப்படுத்துநர்

அந்தத் தளத்துக்கான சுட்டிகளை இங்கே இடவேண்டாம். தில்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் அதை முடக்க உத்தரவிட்டிருக்கிறது. அது குறித்து விவாதிக்கத் தடையில்லை.

---

எதிர்வழக்கு

விவாதிப்போம். எல்சவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் மூன்றும் சேர்ந்து 2020 டிசம்பரில் தொடுத்த வழக்கு அது. அதே உயர் நீதிமன்றம்தான் 2016இல் ராமேஸ்வரி நகலகம் வழக்கில் வேறு மாதிரி பேசியது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. பாடத்துக்கு வேண்டிய அத்தியாயங்களைத் தொகுத்துக் கொடுத்தார்கள் என்று ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் மூன்றும் வழக்குப் போட்டன. பதிப்புரிமை தெய்வீக உரிமையோ இயற்கை உரிமையோ அல்ல என்று தீர்ப்பிலேயே எழுதினார் நீதிபதி. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. வகுப்பறைக்கு ஒரு விலக்கு கிடைத்தது. ஆய்வாளருக்கு அந்த விலக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

---

தமிழ்த்துறை_மங்கை

நீங்கள் எல்லோரும் டாலரிலும் யூரோவிலும் பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்துக் கதை ரூபாயில் நடக்கிறது. அதையும் கேளுங்கள்.

தமிழ் ஆய்விதழ் எதுவும் ஸ்கோபஸ்காரர் கண்ணில் படுவதில்லை. எங்களுக்கு இருந்தது பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியல்தான். முதல் பட்டியலில் கண்டதெல்லாம் நுழைந்துவிட்டது என்று 2018 மே மாதம் 4,305 இதழ்களை ஒரே அடியாக நீக்கினார்கள். அடுத்து ‘கேர்’ பட்டியல் வந்தது. அதில் இடம்பெற்ற ஒருசில தமிழ் இதழ்களுக்கு வந்த கூட்டத்தைச் சொல்லி மாளாது. காலாண்டிதழ்கள் சில, சிறப்பிதழ் என்ற பெயரில் செங்கல் கனத்துக்கு வரத் தொடங்கின. எண்பது கட்டுரை, நூறு கட்டுரை. இதை யார் படித்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதைவிட மோசம் நகல் இதழ்கள். என் ஆய்வு மாணவர் ஒருவர் ஏற்புக் கடிதத்தோடு வந்தார். பட்டியலில் இருந்த பழைய அச்சிதழின் பெயர், ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண்ணும் அதே. இணையதளம் பளபளவென்று இருந்தது. ஆசிரியர் குழுவில் இருந்த ஒருவர் எனக்குத் தெரிந்தவர். தொலைபேசியில் கேட்டால், “அப்படி ஒரு இணையதளம் எங்களுக்குக் கிடையவே கிடையாது அம்மா” என்றார். தளத்தின் பதிவு விவரத்தைப் பார்த்தோம். அச்சிதழுக்குப் பல ஆண்டு வயது, தளத்துக்குச் சில மாத வயது. பணம் கட்டச் சொன்னது ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கில். கடிதத்தில் ‘மதிப்பாய்வாளர் கருத்து’ என்ற இடத்தில் ‘நன்று’ என்ற ஒரே சொல். நாற்பது பக்கக் கட்டுரைக்கு!

இப்போது 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையும் கைவிட்டுவிட்டார்கள். வழிகாட்டு அளவுகோல்களைத் தந்திருக்கிறோம், உங்கள் நிறுவனமே முடிவு செய்துகொள்ளட்டும் என்கிறது மானியக் குழு. ஒருவகையில் எனக்கு மகிழ்ச்சி. நல்ல சிற்றிதழில் வந்த கட்டுரையை இனிக் கணக்கில் எடுக்கலாம். ஆனால் முடிவு செய்யும் குழுவில் உட்காரப்போவது யார்? செங்கல் சிறப்பிதழில் எழுதி மேலே வந்தவர்களும்தான்.

---

நிரல்மொழி

கணினித் துறையில் கள்ளத்தனம் இன்னும் நுணுக்கமாகிவிட்டது. திருடிய கட்டுரை மென்பொருளில் சிக்காமலிருக்க ஒவ்வொரு சொல்லையும் வேறு சொல்லாக மாற்றும் கருவிகள் வந்தன. செயற்கை நுண்ணறிவு என்பது ‘போலி உணர்வு’ என்று மாறி நிற்கும், மார்பகப் புற்றுநோய் ‘மார்பு ஆபத்து’ ஆகிவிடும். கபனாக், லாபே, மகஜினோவ் என்ற மூவர் 2021இல் இவற்றைத் திரட்டிக் காட்டிய பிறகுதான், இப்படிப்பட்டவை மதிப்பாய்வைத் தாண்டி அச்சேறியிருப்பது தெரிந்தது. அப்படியானால் மதிப்பாய்வு செய்தவர் படிக்கவே இல்லை என்றுதானே பொருள்?

ஹிண்டாவி பதிப்பகத்தைப் பாருங்கள். வைலி நிறுவனம் 2021இல் 29.8 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. போலிக் கட்டுரைகளைத் தயாரித்து விற்கும் ‘கட்டுரை ஆலைகள்’ சிறப்பிதழ்கள் வழியே புகுந்தன. 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட ஹிண்டாவி கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கடைசியில் அந்தப் பெயரையே கைவிட்டார்கள். அதில் முதல் ஆசிரியர், இரண்டாம் ஆசிரியர் என்று காசு கொடுத்து இடம் வாங்கியவர்கள் இப்போது எங்கே போய்ச் சொல்வார்கள்? @கரிசல்காட்டான், உங்கள் வாட்ஸ்அப்காரர் திரும்பப் பெற்றால் பணம் திரும்ப உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது மொழி மாதிரிகள் வந்துவிட்டதால் சொல் மாற்றும் கருவியும் தேவையில்லை. இன்னொரு கூத்து 2025 ஜூலையில் வெளியானது. மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரைகளை ஏற்றிவைக்கும் ஆர்க்கைவ் தளத்தில் இருந்த சில கட்டுரைகளில் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக, “நல்லபடியாக மட்டும் மதிப்பீடு செய்” என்று இயந்திரத்துக்கு ஒளித்துவைத்த கட்டளை. மனிதக் கண்ணுக்குத் தெரியாது. மதிப்பாய்வாளர் தன் வேலையை இயந்திரத்திடம் தள்ளிவிடுவார் என்று நம்பி எழுதியது. நம்பிக்கை வீண்போகாது என்பதுதான் வேதனை.

---

யாழ்_வாசகன்

இலங்கையிலிருந்து ஒரு சிறு குறிப்பு. எங்களுக்கு ‘ஒரே சந்தா’ போன்ற திட்டம் இல்லை. வளரும் நாடுகளுக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ சஞ்சிகைகளைத் தரும் ரிசர்ச்4லைஃப் திட்டம் வழியாகப் பலவற்றைப் படிக்க முடிகிறது. எங்கள் நாட்டுப் பொருளாதாரம் சிறியது என்பதால் சில பதிப்பகங்கள் வெளியீட்டுக் கட்டணத்திலும் சலுகை தருகின்றன. இந்தியாவின் மொத்தப் பொருளாதாரம் பெரியது என்பதால் உங்களுக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் இல்லை. ஆய்வாளரின் சட்டைப்பையைப் பார்த்து யாரும் கணக்கிடுவதில்லை.

எங்கள் பீடங்கள் நடத்தும் சஞ்சிகைகள் ‘ஸ்ரீலங்கா ஜர்னல்ஸ் ஒன்லைன்’ என்ற பொதுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிய ஆடம்பரம் இல்லை, வேலை நடக்கிறது. நூலகர் ஐயா பிரேசில் வரை போகத் தேவையில்லை, பாக்கு நீரிணையைக் கடந்தாலே போதும்.

---

நூலகர்_வைகை

அடி வாங்கிக்கொண்டேன் நண்பரே.

---

எதிர்வழக்கு

சந்தா, கட்டணம், பட்டியல் என்று எதை மாற்றினாலும் பதவி உயர்வுப் படிவத்தில் ‘கட்டுரைகளின் எண்ணிக்கை’ என்ற கட்டம் இருக்கும்வரை வாட்ஸ்அப்காரருக்கு வியாபாரம் நடக்கும். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் இல்லை என்று 2022 நவம்பர் விதிமுறையிலேயே மானியக் குழு சொல்லிவிட்டது. எத்தனை பல்கலைக்கழகங்கள் அதைக் கேட்டன? தரவரிசையில் மதிப்பெண் போய்விடுமே! சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் இளநிலை மாணவர்களைத் தேர்வு நேரத்திலேயே கட்டுரை எழுதவைத்து, தங்கள் கல்லூரிக் கட்டுரைகளையே அடுக்கடுக்காக மேற்கோள் காட்டவைத்ததாக 2023இல் ‘சயின்ஸ்’ இதழே செய்தி வெளியிட்டது. அந்தக் கல்லூரிகளின் விளம்பரத் தட்டிகளை நெடுஞ்சாலையில் பார்க்கிறோம், எண்களுக்கு ஒரு குறையும் இல்லை.

---

தகடூர்_அரசுக்கல்லூரி

எண்ணிக்கை வேண்டாம் என்றால் என்ன வேண்டும்? நேர்காணல் குழுவின் மனச்சாட்சியா? எங்கள் ஊரில் அந்த மனச்சாட்சிக்கும் ஒரு விலைப்பட்டியல் இருந்தது. எந்தச் சிபாரிசும் இல்லாமல் நான் வேலைக்கு வந்ததற்கு அந்தப் பாழாய்ப்போன எண்ணிக்கைதான் காரணம். அதைத் திட்டுவது எளிது. சாதியும் சிபாரிசும் பேசும் அறையில் என் போன்றவர்கள் காட்டுவதற்கு வேறு என்ன இருந்தது?

---

தமிழ்த்துறை_மங்கை

இதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை தம்பி. ‘உங்களுடைய மிகச் சிறந்த மூன்று கட்டுரைகளை மட்டும் கொடுங்கள், அவற்றை நாங்கள் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கிறோம்’ என்ற முறையில் ஒரு நேர்காணலை நான் பார்த்திருக்கிறேன். சிபாரிசில் வந்தவர்கள் இரண்டாவது கேள்வியிலேயே திணறினார்கள். ஆனால் படித்துவிட்டு வரும் தேர்வாளர்கள் வேண்டும். அங்கேதான் இடிக்கிறது.

---

கரிசல்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதி, உறுதிப்படுத்தும் பதிலும் வந்துவிட்டது. நெறியாளர் ‘சாதனா’வுக்கு அனுப்பச் சம்மதித்துவிட்டார். ஆறு மாதம் தள்ளிப்போனால் பல்கலைக்கழகத்தில் நீட்டிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், அது 1,800 டாலரைவிடக் குறைவுதான். ஒரே ஒரு ஐயம். சந்தா வழியில் வெளியானால் என் கட்டுரையை என் கல்லூரி மாணவர்களே படிக்க முடியாதே?

---

நூலகர்_வைகை

முடியும். மதிப்பாய்வுக்கு அனுப்பிய மூலப் படியை முன்பதிப்பாக ஒரு திறந்த களஞ்சியத்தில் ஏற்றலாம். ஆர்க்கைவ் 1991 முதல் இயற்பியலாளர்களுக்குச் செய்துவரும் வேலைதான் அது. பொறியியலுக்கும் களஞ்சியங்கள் உண்டு. மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட படியைக் குறிப்பிட்ட காலம் கழித்து ஏற்றப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. எந்த இதழ் எந்தப் படியை எத்தனை மாதத்தில் அனுமதிக்கிறது என்பதை அந்த இதழின் கொள்கைப் பக்கத்திலேயே பார்க்கலாம். அச்சிட்ட வடிவத்தை, அவர்களுடைய இலச்சினையோடு, ஏற்றாதீர்கள். கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தின் ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அதைச் செய்யும் ஆய்வாளரை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

---

தகடூர்_அரசுக்கல்லூரி

ஐயா, இதையெல்லாம் எங்கள் கல்லூரிக்கு வந்து ஒருநாள் பயிலரங்காக நடத்தித் தருவீர்களா? போக்குவரத்துச் செலவைக் கல்லூரி ஏற்கும்.

---

நூலகர்_வைகை

வருகிறேன். ஆனால் பங்கேற்புச் சான்றிதழ் கிடையாது, ஆய்வுக்கோவை கிடையாது. அதற்குப் பிறகும் எத்தனை பேர் பெயர் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அறையின் அளவை அப்புறம் முடிவு செய்யலாம்.